டேஷ்போர்டு கேஜ்கள்: புது செட் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1967-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் செடான் கார் ஒன்று இருக்கிறது. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்தது). கேஜ்கள் எல்லாம் ஸ்மித்ஸ் கம்பெனியுடையவை. நான்கு மாதங்களுக்கு முன் இரும்பு டேஷ்போர்டைக் கழற்றிச் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து மாட்டினோம். அன்றிலிருந்து பெட்ரோல் கேஜ், டெம்பரேச்சர் கேஜ் இரண்டுமே கூடுதலாகக் காட்டுகின்றன. அரை டேங்க் பெட்ரோலுக்கே முள் முழுக்குறிக்குப் போய்விட்டது. டெம்பரேச்சர் முள் சிவப்பை ஒட்டி நிற்கிறது; ஆனால் ரேடியேட்டர் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. டேங்க் யூனிட்தான் (டேங்குக்குள் மிதவையோடு இருந்து கேஜுக்குப் பெட்ரோல் அளவைச் சொல்லும் பாகம்) போய்விட்டது என்று நினைத்து, 0–90 ஓம் என்று அச்சிட்ட புது யூனிட் ஒன்றைப் போட்டேன். இப்போது டேங்க் நிறைந்திருந்தால் முள் பாதிக்குச் சற்று மேலே நிற்கிறது. வண்டி ஓட ஓட மேலே ஏறுகிறது! ஸ்பீடோமீட்டர் முள் குறைந்த வேகத்தில் துடிக்கிறது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டபின் அம்மீட்டரின் பின்பக்க ஒயர் தொட்டால் சுடுகிறது. "எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது செட் மாட்டிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கேஜ்களில் ஒன்றுகூட இன்னும் கெட்டிருக்காது. ஆனால் இப்படியே ஓட்டினால் ஒன்று நிச்சயம் எரிந்துபோகும். ஆகவே இன்றைக்கே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். அடுத்து டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைப் பிரித்து, முனையில் டேப் சுற்றி, எங்கும் படாமல் கட்டிவையுங்கள். முதல் வேலை அம்மீட்டருக்காக, இரண்டாவது பெட்ரோல் கேஜுக்காக. இரண்டுக்கும் காரணம் கீழே வருகிறது.

பெட்ரோல் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் ஒரே நாளில், ஒரே திசையில் தவறினால் அவை இரண்டுக்கும் பொதுவான பாகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உங்கள் காரில் அது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். தீப்பெட்டியைவிடச் சிறிய தகரப் பெட்டி. சில கார்களில் ஸ்பீடோமீட்டரின் முதுகில் இருக்கும், சிலவற்றில் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு திருகில் தொங்கும். பேட்டரி பக்கம் 'பி', கேஜ்களின் பக்கம் 'ஐ' என்று முனைகளில் குறித்திருக்கும். சிலவற்றில் எர்த்துக்கு 'ஈ' என்ற முனையும் உண்டு. மற்றவற்றில் பெட்டியின் உடம்பேதான் எர்த்.

உங்கள் கேஜ் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பைமெட்டல் பட்டை (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது), அதைச் சுற்றிச் சுமார் 65 ஓம் கொண்ட மெல்லிய கம்பிச் சுருள். கரண்ட் பாய்ந்தால் சுருள் சூடாகும், பட்டை வளையும், வளைந்த பட்டை முள்ளைத் தள்ளும். இக்னிஷன் போட்டதும் முள் துள்ளாமல் நிதானமாக ஏறுவது இதனால்தான். இந்த வகைக் கேஜுக்கு வோல்டேஜ் மாறவே கூடாது. பேட்டரியோ இன்ஜின் நிற்கும்போது 12.5 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் தருகிறது. எனவே ஸ்டெபிலைசர் அதைத் தொட்டுத் தொட்டு விட்டு, சராசரியாக 10 வோல்ட் வரும்படி பார்த்துக்கொள்கிறது. அதற்குள்ளும் இதேபோல் ஒரு பைமெட்டல் பட்டையும் சுருளும்தான். சுருள் சூடானால் காண்டாக்ட் திறக்கும், ஆறினால் மூடும்.

அந்தச் சுருளின் மறுமுனை எர்த் ஆவது பெட்டியை மாட்டிய திருகு வழியாக. அந்தத் திருகு உட்காரும் இடத்தில் இப்போது உங்கள் புதுப் பெயிண்ட் இருக்கிறது. எர்த் இல்லையென்றால் சுருள் சூடாகாது, காண்டாக்ட் திறக்காது. 14 வோல்ட் அப்படியே கேஜ்களுக்குப் போகும். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 10-க்குப் பதில் 14 என்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம். அரை டேங்குக்கு முழுக்குறி காட்டியது இந்தக் கணக்கால்தான்.

இருந்தாலும் டெம்பரேச்சர் கேஜ் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்பு இன்ஜினின் உண்மையான சூட்டை ஒருமுறை அளந்துவிடுங்கள். ரேடியேட்டர் கொதிக்கவில்லை என்பது மட்டும் போதாது. பிரஷர் மூடி இருக்கும்போது 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் மூடியைக் குறிவைத்துப் பாருங்கள். வெறும் அலுமினியத்தில் அடித்தால் அது குறைத்துக் காட்டும். ஒரு சிறு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் குறிவையுங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில் 80-க்கும் 90-க்கும் இடையில் எண் நின்றால் நிம்மதியாக மேலே போகலாம்.

இனி சோதனை. அதற்காக மட்டும் பேட்டரியை மறுபடி இணைத்து இக்னிஷனைப் போடுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். 'பி' முனையில் 12 வோல்ட்டாவது வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஃப்யூஸ் பெட்டியிலோ வழியில் ஏதாவது கனெக்ஷனிலோ களிம்பு ஏறியிருக்கிறது. அடுத்து 'ஐ' முனை. டிஜிட்டல் மீட்டர் இங்கே குழப்பும். 12, 0, 7, 12 என்று எண்கள் தாவும். தாவினால் நல்லது, ஸ்டெபிலைசர் வேலை செய்கிறது என்று அர்த்தம். முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். டெஸ்ட் லாம்ப்பும் போதும், விட்டுவிட்டு எரிவது கண்ணுக்குத் தெரியும். இக்னிஷன் போட்ட முதல் சில நொடிகள் லாம்ப் நின்று எரிவது இயல்பு. சுருள் சூடாக வேண்டுமல்லவா. அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அதன் பிறகும் நின்று எரிந்தால், ஒரு ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஸ்டெபிலைசரின் உடம்பிலும் பிடியுங்கள். சில நொடிகளில் லாம்ப் விட்டுவிட்டு எரியத் தொடங்கினால் நோய் இதுதான். திருகைக் கழற்றி, அது உட்காரும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேயுங்கள். பல் வாஷர் ஒன்றைப் போட்டு இறுக்கி, சுற்றிலும் துளி வாஸ்லைன் தடவினால் துரு பிடிக்காது. டேஷ்போர்டின் மற்றத் திருகுகளிலும் பெயிண்ட் இருக்கும் என்பதால் இதோடு நிறுத்தாதீர்கள். அதே திருகிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்றை இழுத்து, இன்ஜின் பக்கத் தடுப்புத் தகட்டில் சுத்தமான இரும்பில் முடுக்கிவிடுங்கள். கேஜ் விளக்குகள் மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் அதுவும் இதில் சரியாகிவிடும். மாட்டும்போது பெட்டியில் 'மேல்' என்று குறித்த பக்கம் மேலேயே இருக்க வேண்டும். படுக்கவைத்து மாட்டினால் உள்ளேயிருக்கும் வெப்ப ஓட்டம் மாறி, சராசரி வோல்டேஜும் மாறிவிடும்.

எர்த் கொடுத்தும் லாம்ப் நின்றே எரிந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது அல்லது சுருள் அறுந்துபோனது. அதைத் திறந்து தேய்த்துச் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், சில மாதங்களில் மறுபடி ஒட்டும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசராக மாற்றிவிடுவதே நல்லது. வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாமல் செய்யலாம். பழைய பெட்டியின் மடிப்புக் காதுகளை நிமிர்த்தி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, 7810 ரெகுலேட்டரின் (நிலையாக 10 வோல்ட் தரும் சிறு எலக்ட்ரானிக் பாகம்) உலோக முதுகை அடித்தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். அதன் மூன்று கால்களில் முதல் கால் 'பி' முனைக்கு, நடுக்கால் எர்த்துக்கு, மூன்றாவது கால் 'ஐ' முனைக்கு. உள்ளீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் 0.33 மைக்ரோஃபாராட், வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாராட் கப்பாசிட்டர். 7810-க்கு ஒரு குறை உண்டு. வெளியே 10 வோல்ட் தர, உள்ளே 12 வோல்ட்டாவது வேண்டும். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது இன்ஜின் ஐடிலில் நின்றால் முட்கள் லேசாக இறங்கும். அது பிடிக்காதவர்கள் 2940 வரிசையில் 10 வோல்ட் ரெகுலேட்டரைப் போடலாம். வண்டிகளுக்கென்றே வடிவமைத்தது, பேட்டரியைத் தலைகீழாக மாட்டினாலும் தாங்கும். அதற்கு வெளியீட்டுக் கப்பாசிட்டர் குறைந்தது 22 மைக்ரோஃபாராட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலையாக நிற்காமல் அலைபாயும்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களில் பாசிட்டிவ் எர்த் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பைமெட்டல் ஸ்டெபிலைசர் எந்தப் பக்க எர்த்திலும் வேலை செய்யும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர் செய்யாது. நெகட்டிவ் வகை ரெகுலேட்டர் வேண்டும், அதன் உலோக முதுகு உள்ளீட்டோடு சேர்ந்தது. அதை உடம்பில் நேராக முடுக்கினால் ஷார்ட்தான். மைக்கா வாஷர் போட்டே மாட்ட வேண்டும்.

அடுத்து டேங்க் யூனிட். இங்கேதான் உங்கள் பெட்ரோல் கேஜின் உயிர் ஊசலாடுகிறது. ஸ்மித்ஸின் பைமெட்டல் பெட்ரோல் கேஜுக்கு டேங்க் காலியானால் சுமார் 240 ஓம், பாதிக்குச் சுமார் 68, நிறைந்தால் 20-ஐ ஒட்டி வர வேண்டும். பெட்ரோல் கூடக்கூட ஓம் குறைய வேண்டும். நீங்கள் போட்ட 0–90 ஓம் யூனிட் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் முறை, போக்கு நேர் எதிர். காலிக்கு 0, நிறைந்தால் 90. எனவேதான் பெட்ரோல் தீரத் தீர முள் ஏறுகிறது. யூனிட்டில் பழுது இல்லை, அது வேறு குடும்பத்துப் பிள்ளை. ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் காலிக்கு 73, நிறைவுக்கு 10 ஓம். கடையில் "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று விற்கும் பலவற்றில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. துளையும் போல்ட்டும் பொருந்துவதை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

இப்போது இரண்டு தவறுகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சரியான நிலையில் முழுக்குறிக்கு 10 வோல்ட், 65-ம் 22-ம் சேர்ந்து 87 ஓம், கரண்ட் 115 மில்லிஆம்பியர். உங்கள் காரில் டேங்க் காலியாகும் நேரத்தில் 14 வோல்ட், வெறும் 65 ஓம், அதாவது 215 மில்லிஆம்பியர். முழுக்குறிக்கு வேண்டிய வெப்பத்தைப்போல மூன்றரை மடங்கு! முள் முட்டுக்கட்டையில் போய் நின்றுகொள்ளும், பட்டை அதற்கு மேலும் வளையப் பார்க்கும், கடைசியில் சுருளின் காப்புப் பூச்சு கருகும். டேங்கைக் காலியாக விடாமல் ஓட்டியதால் தப்பித்திருக்கிறீர்கள். ஒயரைப் பிரித்துக் கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

கேஜ் பிழைத்திருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, டேங்க் யூனிட் ஒயரை எர்த்தில் தொட்டுப் பார்ப்பது பலரும் செய்வது. பைமெட்டல் கேஜில் அது கூடாது. அதுவும் ஒருவகையில் காலி டேங்குக்கு 0 ஓம் கொடுத்ததுதான். அதற்குப் பதில் மூன்று ரெசிஸ்டர் வாங்குங்கள்: 22, 68, 240 ஓம், ஒவ்வொன்றும் 2 வாட். கால் வாட் ரெசிஸ்டர் கையிலேயே கருகும். ஸ்டெபிலைசரைச் சரிசெய்த பின்பு, இக்னிஷன் அணைந்திருக்கும்போதே 68 ஓம் ரெசிஸ்டரை டேங்க் ஒயரின் முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் மாட்டுங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் இக்னிஷன் போட்டபடி ஒயரைத் தொட்டு எடுத்தால் பொறி பறக்கும். அதன்பின் இக்னிஷனைப் போட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். முள் பாதிக்கு அருகே நின்றால் கேஜும் ஒயரும் இரண்டுமே நலம். 240-க்குக் காலிக்குறியும் 22-க்கு முழுக்குறியும் ஏறத்தாழ வர வேண்டும். வரவில்லையென்றால் அதே சோதனையைக் கேஜின் முனையிலேயே செய்யுங்கள். அங்கே சரி, டேங்கில் தவறு என்றால் வழியில் ஒயர் கெட்டிருக்கிறது. இரண்டிலும் தவறு என்றால்தான் கேஜைக் கழற்ற வேண்டும்.

உங்கள் பழைய டேங்க் யூனிட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அது நன்றாகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மேசையில் வைத்து, மல்டிமீட்டரை முனைக்கும் உடம்புக்கும் மாட்டி, மிதவைக் கம்பியைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் 240-ஐ ஒட்டித் தொடங்கிச் சீராக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது அளவே காட்டாமல் போனால், அந்த இடத்தில் சுருள் கம்பி தேய்ந்து அறுந்திருக்கிறது. வழக்கமாக அரை டேங்கை ஒட்டிய இடத்தில்தான் தேயும், அங்கேதான் அதிக நாள் உராய்கிறது. அறுந்திருந்தால் ஒட்டவைக்க முடியாது, அதே பாக எண்ணுள்ள யூனிட் வாங்க வேண்டும். எண் தயங்கித் தயங்கி இறங்கினால் களிம்பு மட்டுமே. காண்டாக்ட் கிளீனர் அடித்து, கம்பியை முப்பது நாற்பது முறை மேலும் கீழும் ஆட்டினால் போய்விடும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை. பித்தளை மிதவையை வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டையைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் உள்ளே பெட்ரோல் புகுந்த மிதவையைச் சால்டர் வைத்து அடைக்கப் போகாதீர்கள், உள்ளிருக்கும் ஆவி வெடிக்கும். புது மிதவைதான் வழி. கார்க் மிதவையாக இருந்து, எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால், மேல்பூச்சு கரைந்து கார்க் ஊறிவிடும். அதையும் மாற்றிவிடுங்கள்.

யூனிட்டை மாற்றும்போது டேங்க் கால்வாசிக்கும் கீழே இருக்கட்டும், பேட்டரி பிரிந்திருக்கட்டும். பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பியால் தட்டித் திருப்புங்கள், இரும்பால் தட்டாதீர்கள். கேஸ்கட் புதிதாகவே போடுங்கள். மாட்டிய பிறகு யூனிட்டின் உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே அளந்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும். டேங்குக்கும் பெயிண்ட் அடித்திருந்தால், கீழே ரப்பர் பட்டை இருந்தால், இங்கேயும் எர்த் பிரச்சினை வரும். அப்போது எதிர்த் திசையில் தவறும், முள் எப்போதும் குறைத்தே காட்டும். எர்த்துக்குத் தனி ஒயர் போட்டுவிடுவது நல்லது. கடைசியாக, முள் காலிக்குறிக்கு வரும்போது டேங்கில் நான்கைந்து லிட்டர் மிஞ்சும்படி மிதவைக் கம்பியை மிக லேசாக வளைத்துக்கொள்ளலாம்.

டெம்பரேச்சர் கேஜ், ஸ்டெபிலைசர் சரியானதும் தானாகச் சரியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் சென்சரைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். சூடு ஏற ஏற ஓம் விடாமல் இறங்க வேண்டும். எங்காவது நின்றாலோ தாவினாலோ மாற்ற வேண்டும். மாட்டும்போது மரையில் வெள்ளை டேப்பைப் பல சுற்றுச் சுற்றாதீர்கள். எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. செம்பு வாஷர் போதும்.

கேஜின் முதுகில் கார்க்கால் மூடிய இரண்டு சிறு துளைகள் இருக்கும். உள்ளே தெரியும் பல்வைத்த துண்டுகளை நகர்த்தினால் முள்ளின் தொடக்கமும் முடிவும் மாறும். இதுவரை சொன்ன எல்லாம் முடிந்த பிறகு, 22-க்கும் 240-க்கும் முள் கொஞ்சம் பிசகினால் மட்டும் இதைத் தொடுங்கள். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் மாறும், அதனால் மாறிமாறி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். எர்த் பிழையை இந்தத் துளை வழியாக ஈடுகட்டியவர்கள், எர்த் சரியான அன்றைக்கு நல்ல கேஜைத் தவறாகக் காட்டவைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

அம்மீட்டர் விஷயத்தில் நீங்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது. மற்றவை தவறாகக் காட்டினால் எரிச்சல்தான். இது தவறினால் தீ. ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் ஏறத்தாழ எல்லாக் கரண்டும் அதன் இரண்டு போல்ட்களின் வழியாகப் போகிறது, இக்னிஷன் அணைந்திருந்தாலும் அங்கே பேட்டரி உயிரோடு இருக்கும். லூஸான நட்டில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 30 ஆம்பியர் ஓடினால் அந்தப் புள்ளியில் 45 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னைப் பெயிண்டுக்கும் ஒயருக்கும் நடுவில் செருகி வைத்ததற்குச் சமம். பேட்டரியைப் பிரித்துவிட்டு நட்டுகளைக் கழற்றுங்கள். ஒயர் முனையில் செம்பு நீலம் பாய்ந்திருந்தால், காப்பு இறுகி விறைத்திருந்தால், அந்த நீளத்தை வெட்டிவிட்டுப் புது வளைய முனை போட்டு அழுத்துங்கள். போல்ட்டைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் ஃபைபர் வாஷர் வெடித்தோ கருகியோ இருந்தால் அந்த அம்மீட்டரை அப்படியே திரும்ப மாட்டவே கூடாது.

நட்டு சரியாக இருந்தும் சுடுகிறதென்றால் அளவே பொருந்தவில்லை. டயலில் 30–0–30 என்று இருக்கும். அது 22 ஆம்பியர் டைனமோ காலத்துக் கணக்கு. இன்று நீங்கள் போட்டிருக்கும் ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியரோ அதற்கு மேலோ தரும். இதற்கு என் ஆலோசனை வோல்ட்மீட்டர்தான். அதே தோற்றத்தில், அதே விட்டத்தில் கிடைக்கும். ஆனால் அம்மீட்டரிலிருந்து எடுத்த இரண்டு தடித்த ஒயர்களையும் வோல்ட்மீட்டரில் மாட்டிவிடாதீர்கள். அவை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பித்தளை போல்ட் போட்டு இறுக்கி, நன்றாக இன்சுலேஷன் செய்ய வேண்டும். சேர்க்காவிட்டால் வண்டிக்குக் கரண்டே வராது. வோல்ட்மீட்டருக்கு இக்னிஷனில் வரும் லைனிலிருந்து 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக மெல்லிய ஒயர் ஒன்று, எர்த் ஒன்று, அவ்வளவுதான். நிற்கும்போது 12.6-ஐ ஒட்டியும் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்டினால் சார்ஜிங் ஒழுங்கு.

ஸ்பீடோமீட்டர் முள் துடிப்பதும் டேஷ்போர்டு வேலையின் மிச்சம்தான், அநேகமாகக் கேபிள் எங்கோ மடங்கியிருக்கிறது. மீட்டரின் பின்னால் நெருக்கமாக வளையாமல், வளைவுகள் எல்லாம் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உள்கேபிளை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, தட்டையான கண்ணாடியின்மேல் உருட்டிப் பாருங்கள். நல்ல கேபிள் அமைதியாக உருளும். மடங்கிய கேபிள் ஓரிடத்தில் துள்ளும். துள்ளினால் நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றுங்கள். கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லியதாக கிரீஸ் தடவி, மேலே கடைசி 20 சென்டிமீட்டரை உலரவிடுங்கள். சுற்றும் கேபிள் திருகாணிபோல எண்ணெயை மேலே ஏற்றிக்கொண்டு போகும். அது மீட்டருக்குள் சுற்றும் காந்தத்துக்கும் முள்ளைத் திருப்பும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால் முள் மேலே ஓடி ஒட்டிக்கொள்ளும்.

என்றாவது வேறு ஸ்பீடோமீட்டர் வாங்க நேர்ந்தால் டயலின் அடியில் 1280 என்பதுபோலப் பொடியாக அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. உங்கள் காருக்கு எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். கேபிளின் மேல்முனையை வெளியே எடுத்து ஒரு காகிதக் கொடியை ஒட்டுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை நேராக 10 மீட்டர் தள்ளுங்கள். கொடி 8 சுற்றுச் சுற்றினால் கிலோமீட்டருக்கு 800, மைலுக்கு 1.609-ஆல் பெருக்கினால் 1287. அதாவது 1280 டயல் உங்களுக்குப் பொருந்தும். எண் மாறினால் வேகமும் தூரமும் அதே விகிதத்தில் தவறும். மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கிலோமீட்டர் எண்ணை வண்டியின் பதிவேட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். பின்னால் வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும்.

முழு செட்டையும் மாற்றுவது எப்போது சரி? சோதனையில் மூன்று நான்கு கேஜ்கள் உண்மையாகவே செத்துப்போய், அதே வகைப் பாகமும் கிடைக்காதபோது. அப்போதும் கேஜோடு அதற்குரிய டேங்க் யூனிட், சென்சர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை. பழைய கேஜ்களைத் தேடி வாங்கும்போது ஒன்றில் கவனம் வேண்டும். 1950களிலும் அதற்கு முன்பும் வந்த சில டயல்களில் இருளில் ஒளிரும் ரேடியம் பூச்சு உண்டு. ஒளி செத்துப் பழுப்பாகிப் போனாலும் கதிர்வீச்சு போகாது, ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டுகள். அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

கையோடு விளக்குகளை எல்இடிக்கு மாற்ற நினைத்தால் டயல் வெளிச்சத்துக்கு மட்டும் மாற்றுங்கள். சார்ஜ் எச்சரிக்கை விளக்கைப் பழைய 2.2 வாட் பல்பாகவே விடுங்கள். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது.

ஸ்டெபிலைசர் எர்த்தைச் சரிசெய்து, 68 ஓம் ரெசிஸ்டரோடு முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதியிலிருந்து ஒரு முள்ளின் பருமனுக்கு மேல் விலகினால், இக்னிஷன் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து முள் எங்கே ஓய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலிக்குறிக்குக் கீழே போகாமல் மேலேயே நின்றால் பட்டை நிரந்தரமாக வளைந்துவிட்டது. அந்த ஒரு கேஜை மட்டும் திறக்க வேண்டும்.